தனியாளுக்கு ஒரு கோபாலன்

(நெய்வேலியில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிஷம். செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். "டெக்னிக்கலா எதுவும் வேண்டாம். போன தடவை ஒருத்தர் கன்வேயர் பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பிச்சாரு, பாதிக் கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிடுச்சு. இலக்கியமா இருக்கட்டும், கொஞ்சம் சிரிக்கிற மாதிரியும் இருக்கட்டும்" என்றார். ஆகவே நான் எடுத்துக்கொண்டது, நடுத்தர வயதில் தனியாக நிற்கிற ஒரு மனுஷன் வாழ்க்கையை மறுபடியும் ஆரம்பிப்பதைப் பற்றிய நகைச்சுவைக் கதைகள். தலைப்பைக் கேட்டதும் அவர், "சொந்தக் கதையா?" என்றார். எனக்கு வயது 38. கல்யாணம் ஆகவில்லை. "எப்போ சாப்பாடு போடப் போறே?" என்று என்னைக் கேட்காதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. அதனால் சொந்தக் கதை கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1956ல் கம்பெனி பதிவாகி, 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு, முந்திரிக் காட்டுக்கு நடுவில் உருவான ஊர் இது. நேர் கோடு போட்ட தெருக்கள், நம்பர் போட்ட பிளாக்குகள், வீட்டைச் சுற்றி மாமரமும் முருங்கையும். இங்கே இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி, "எந்த பிளாக்?" இரண்டாவது கேள்வி, "ஃபேமிலி இங்கேதானே?" முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மறுபடி ஆரம்பிப்பதற்கென்று நம்மிடம் ஒரு சடங்கே இருக்கிறது. அறுபதாம் கல்யாணம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷப் பெயர்களும் ஒரு சுற்று சுற்றி, நாம் பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வருகிறது. மனுஷன் இன்னொரு பிறவி எடுத்த மாதிரி என்பார்கள். நெய்வேலியில் இதற்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. ரிட்டயர் ஆகும் வயதும் அறுபது. சிதம்பரம், சீர்காழி தாண்டித் திருக்கடையூருக்கு வேன் கிளம்பும். பிள்ளைகள், பேரன் பேத்திகள் சூழ, அந்த வயதில் மாப்பிள்ளை மறுபடியும் தாலி கட்டுவார். பெண்ணுக்கு வெட்கம் வரும், மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி வரும். பார்க்கவே மனசு நிறைந்துவிடும்.

ஆனால் அந்த மனையில் இரண்டு பேர் உட்கார வேண்டும். மனைவியை இழந்தவர், கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்கிறவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், இவர்களுக்கும் அறுபது வயது வரத்தான் வருகிறது. பிறந்த வருஷம் அவர்களுக்கும் திரும்பி வருகிறது. சொல்லி வாழ்த்துவதற்குத்தான் ஆள் இல்லை. ஆபீஸில் ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு குரூப் போட்டோ, அத்தோடு சரி. நாற்பத்தைந்திலோ ஐம்பதிலோ தனியாகிப் போனவர்களுக்கு அதுவும் கிடையாது.

சடங்கு இடம் கொடுக்காத இவர்களுக்கு நகைச்சுவைக் கதை இடம் கொடுத்திருக்கிறது. நான் படித்ததில் நாலே நாலு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது நம் வீட்டுப் பிள்ளை, துப்பறியும் சாம்பு. எழுதியவர் தேவன். ஆர். மகாதேவன் என்பது இயற்பெயர். 1913ல் திருவிடைமருதூரில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, இளம் வயதிலேயே ஆனந்த விகடனில் சேர்ந்தவர். 1957ல் காலமானபோது அவருக்கு 43 வயதுதான். சாம்பு கதைகள் 1942ல் விகடனில் வர ஆரம்பித்தன. மொத்தம் 50. கோபுலுவின் சித்திரத்தோடு படக்கதையாகவும் வந்தது. தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது நாவல் ஆகாது, கதைத் தொடர். ஆனால் முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் ஒரு மனுஷனின் வாழ்க்கை முழுசாகத் தெரிகிறது. நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சி 1998ல் தொடங்கியது. அங்கே வாங்கிய பிரதி என்னிடம் அட்டை கிழிந்து இருக்கிறது.

சாம்பு யார்? நாற்பதைத் தாண்டிய வங்கிக் குமாஸ்தா. தனிக்கட்டை. பார்த்த மாத்திரத்தில் "அசடு" என்று ஊர் முத்திரை குத்திவிடுகிற ஆள். அவர் துப்பறியும் தொழிலுக்கு வந்து சேர்கிறார். துப்பறிகிற மூளை அவரிடம் இல்லை. தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் தடயம் கிடக்கும். பயந்துபோய் ஒளிந்துகொள்வார், ஒளிந்த இடத்தில் திருடன் இருப்பான். இவ்வளவும் தற்செயல். கடைசியில் ஊரே மேதை என்று கொண்டாடுகிறது. இதற்குப் பிறகுதான் வேம்பு வருகிறாள், கல்யாணம் நடக்கிறது, சுந்து பிறக்கிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் புதுத் தொழில், பிறகு கல்யாணம். நம் வீடுகளில் "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவை, எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்கள். தேவன் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். மனுஷன் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் வேம்பு எதிரே வருகிறாள்.

இரண்டாவது உதாரணத்துக்கு 400 வருஷம் பின்னால் போக வேண்டும். ஸ்பெயின் தேசத்தில் செர்வாண்டிஸ் எழுதிய டான் குயிக்ஸோட். முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615. உலகத்தின் பெரிய நகைச்சுவை நாவல்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று இதைச் சொல்லலாம். நாயகனுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணம் இல்லை. வீட்டில் இருப்பது உடன்பிறந்தார் மகள் ஒருத்தி, வீட்டைக் கவனிக்கும் அம்மாள் ஒருவர். நிலத்தை விற்று வீரக்கதைப் புத்தகங்களாக வாங்கிப் படித்துப் படித்து, ஒரு நாள் தானே ஒரு வீரன் என்று துருப்பிடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எழுதியவர் கதையும் லேசானதில்லை. 1571ல் லெபாண்டோ கடற்போரில் இடது கை முடங்கியது. பிறகு கடற்கொள்ளையரிடம் சிக்கி அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் அடிமை. சிறைவாசமும் உண்டு. முதல் பாகம் அச்சில் வந்தபோது அவருக்கு 57 வயது. 57ல் ஒருவர் உட்கார்ந்து, ஐம்பது வயதுப் பைத்தியக்காரனை வைத்து உலகத்தைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

மூன்றாவது, சார்லஸ் டிக்கன்ஸின் பிக்விக். 1836ல் தொடங்கி 1837ல் முடிந்த மாதத் தொடர். எழுத ஆரம்பித்தபோது டிக்கன்ஸுக்கு 24 வயது, நம் இறுதியாண்டு மாணவர்களைவிட ஓரிரண்டு வயசு கூட. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட நாயகர் வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்ற தொந்திப் பிரம்மச்சாரி. ஓய்வுக்குப் பிறகு நண்பர்களோடு ஊர் சுற்றக் கிளம்புகிறார். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி பார்டெல் அம்மாள், ஒரு விதவை. அந்த அம்மாளிடம் இவர் ஒரு வேலைக்காரனை வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை கேட்கிறார். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம். ஒருவருக்கு ஆகிற செலவைவிட இருவருக்கு ரொம்ப அதிகம் ஆகுமா என்கிற மாதிரி ஆரம்பிக்கிறார். அந்த அம்மாள் அதைக் கல்யாணப் பேச்சு என்று புரிந்துகொண்டு அவர் மேலேயே மயங்கி விழுகிறார். சரியாக அந்த நேரம் பார்த்து நண்பர்கள் உள்ளே நுழைகிறார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. சாப்பாட்டுக்கு இன்னது வேண்டும் என்று பிக்விக் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டை வக்கீல் எடுத்து, இது சங்கேதக் காதல் கடிதம் என்று வாதாடுகிறார். தீர்ப்பு, 750 பவுண்டு நஷ்டஈடு. பிக்விக் கட்ட மறுத்துக் கடனாளிகள் சிறைக்குப் போகிறார். தனியாக இருக்கிற மனுஷன் ஒரு வார்த்தை பேசினால் ஊர் அதை எத்தனை விதமாகப் படிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். டவுன்ஷிப் வாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாலாவது, ஆர்.கே. நாராயண் 1967ல் எழுதிய தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ். ஆங்கிலத்தில் எழுதினாலும் சென்னையில் பிறந்த நம் மனுஷர். மால்குடியில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் ஜகன், மனைவியை இழந்தவர், வயது அறுபதை ஒட்டி. தான் மட்டும் சர்க்கரையும் உப்பும் தொடமாட்டார், ராட்டை நூற்பார், கீதை படிப்பார். மாலையில் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைக் கணக்கில் காட்டாமல் தனியே வைப்பார். அமெரிக்கா போய்த் திரும்பிய பிள்ளை, கதை எழுதும் இயந்திரம் செய்யப் போகிறேன், முதல் போடு என்று நெருக்குகிறான். கடைசியில் ஜகன் எல்லாவற்றையும் விட்டு ஒரு தோப்புக்குப் போய்விடத் தீர்மானிக்கிறார். வானப்பிரஸ்தம் போகிற அந்த மனுஷர் பையில் செக் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதில் ஒரு விவேகமும் இருக்கிறது. மறுபடி ஆரம்பிக்கிறவன் பழசை எல்லாம் எரித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. மகன் அழைத்து வந்து கைவிட்ட பெண் தன் ஊருக்குத் திரும்ப விரும்பினால், டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு செக் புத்தகம் வேண்டுமே.

இந்த நாலு பேரையும் ஒரே வாரத்தில் மறுபடி புரட்டியபோது எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. இவர்கள் எல்லோரும் தனியாட்கள்தான். ஆனால் இவர்களில் ஒருவரும் தனியாக ஆரம்பிக்கவில்லை.

டான் குயிக்ஸோட் முதல் தடவை தனியாகத்தான் கிளம்பினார். என்ன ஆயிற்று? நன்றாக உதை வாங்கி, அக்கம்பக்கத்து விவசாயி ஒருவர் கழுதை மேல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது தடவை சாஞ்சோ பான்சாவைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் காற்றாலையோடு சண்டை, அதன் பிறகுதான் உலகம் ஞாபகம் வைத்திருக்கும் கதை. பிக்விக் விஷயத்தில் கணக்கே இருக்கிறது. ஆரம்ப இதழ்கள் சரியாகப் போகவில்லை. சாம் வெல்லர் என்ற வேலையாள் கதைக்குள் வந்த பிறகு விற்பனை ஏறி, முடிகிறபோது ஒரு இதழ் 40,000 பிரதியைத் தொட்டது. முதலாளி சிறைக்குப் போனபோது, தானும் ஒரு கடன் வழக்கை வலிய வரவழைத்துக்கொண்டு கூடவே சிறைக்குப் போகிறவன் சாம். ஜகனுக்கு ஒரு கஸின். பெயர்கூடக் கிடையாது, கஸின்தான். தினம் சாயங்காலம் கடைக்கு வந்து மிட்டாயை ருசி பார்த்துச் சொல்லிவிட்டு, ஜகன் புலம்புவதைக் காது கொடுத்துக் கேட்பார். கடைசியில் ஜகன் கடைச் சாவியை ஒப்படைப்பதும் அவரிடம்தான்.

சாம்புவுக்கு இன்ஸ்பெக்டர் கோபாலன். சாம்பு உளறுவதற்கெல்லாம் "அடேயப்பா, என்ன ஆழம்!" என்று அர்த்தம் கண்டுபிடிக்கிற மனுஷன். கோபாலன் இல்லாவிட்டால் சாம்பு வெறும் அசடாகவே நாற்பது, ஐம்பது, அறுபது என்று போயிருப்பார். சாம்புவின் அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வதில் பாதி, கோபாலனின் மரியாதை. ஊரில் ஒரே ஒருத்தர் நம்மைப் பெரிய ஆள் என்று நினைத்துவிட்டால், மிச்சப் பேர் சிரிப்பதைப் பற்றிக் கவலை இல்லாமல் தடுக்கி விழலாம்.

புத்தகத்தை விட்டு வெளியே வருகிறேன். இந்த டவுன்ஷிப்பில் எனக்கு ஒரு சீனியர் இருக்கிறார். நம் கல்லூரிதான், எனக்குப் பதினைந்து வருஷம் முந்தியவர். பெயர் சொல்ல மாட்டேன். ஐம்பது வயதில் மனைவியை இழந்தார். மகன் புனேயில் வேலை, மருமகள் அந்த ஊர்ப் பெண். பேத்திக்கு நாலு வயது. போனில் அந்தக் குழந்தை ஹிந்தியில் மளமளவென்று பேசும். இவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, "அச்சா." எதைச் சொன்னாலும் அச்சா. ஒரு நாள் குழந்தை, "தாத்தா என்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு" என்று அழுததாம். அதற்கும் இவர் அச்சா என்றிருக்கிறார். மகன் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது.

மறு வாரமே பக்கத்துத் தெருவில் ஹிந்தி டியூஷன் எடுக்கும் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் படிப்பவர்கள் எல்லாம் நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள். பிராத்மிக் பரீட்சை வந்தது. என் வண்டியில்தான் கூட்டிப் போனேன். இவர் ஹாலுக்குள் நுழைந்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். இவரும் பழக்க தோஷத்தில், "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன பெஞ்சில் போய்த் தன் நம்பரைத் தேடி உட்கார்ந்தாராம். நான் வெளியே வேப்பமரத்தடியில் பெற்றோர் கூட்டத்தோடு நின்றிருந்தேன். ஒரு அம்மா கேட்டார், "உங்க பையன் எந்த ஸ்கூல்?" நான், "பையன் இல்லீங்க, எங்க சீனியர்" என்றேன். அந்த அம்மா நகர்ந்து நின்றுகொண்டார். பரீட்சை முடிந்து வெளியே வந்தவர் முதலில் சொன்னது: "தம்பி, ஒரே ஒரு கேள்விதான் சந்தேகம். பக்கத்துல இருந்த பொண்ணைக் கேட்டேன், காட்ட மாட்டேன்னுட்டா."

தேறிவிட்டார். அதோடு இல்லை. டீக்கடையில், கேண்டீனில், போகிற இடமெல்லாம் இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். அதுவரை அவரைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் என்ன பேசுவதென்று தெரியாது. "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு நழுவுவோம். பிராத்மிக்குக்குப் பிறகு அவர் அறையில் ஆள் இல்லாத சாயங்காலம் இல்லை. எங்கள் அனுதாபம் மூன்று வருஷத்தில் செய்யாததை ஒரு பரீட்சைத் தமாஷ் செய்துவிட்டது.

செயலாளர் மன்னிக்க வேண்டும், ஒரே ஒரு டெக்னிக்கல் உதாரணம். நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ, மேல் நோக்கி. மேலே இருக்கும் மண் பாரம் இருக்கிற வரை அது அடங்கிக் கிடக்கும். மண்ணை எடுத்துவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு வரும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு, இரவு பகல் விடாமல் பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறோம். தண்ணீர் முழுவதையும் வற்ற வைப்பது நோக்கம் கிடையாது, அது முடியவும் முடியாது. வேலை நடக்கிற அளவுக்கு அழுத்தம் குறைந்தால் போதும். துக்கமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலிருந்த பாரம், அதாவது வீடு, சமையல் சத்தம், சண்டை, சமாதானம் எல்லாம் ஒரு நாளில் எடுபட்டுப் போகும்போது கீழே இருப்பது பிளந்துகொண்டு வரும். சிரிப்பு அந்தத் தண்ணீரை வற்றடிக்காது. அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பம்ப் ஓட ஷிஃப்டில் ஆள் நிற்க வேண்டும். ஒரு நாள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனால் போதாது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நான் சொன்ன நாலு கதையிலும் நாயகன் ஆண். பெண்கள் எங்கே? பார்டெல் அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் தனியாள்தான். அவரும் மறுபடி ஆரம்பிக்கத்தான் ஆசைப்பட்டார். பிக்விக் ஊர் சுற்றினால் அது தமாஷ். அந்த அம்மாள் ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் கேலி. வழக்கை நடத்திய வக்கீல்கள் தங்கள் ஃபீஸ் பாக்கிக்காக அவரையே அதே சிறைக்கு அனுப்புகிறார்கள். பிக்விக் அங்கே அவரைப் பார்த்து, மனம் இளகிப் பணத்தைக் கட்டி வெளியே விடுகிறார். டிக்கன்ஸ் நல்லவர், அந்த அம்மாளைச் சிறையில் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனாலும் கதை அவருடையதாக ஆகவில்லை.

நம் ஊரிலும் இதே கதைதான். ஐம்பது வயது ஆண் பரீட்சை எழுதினால் டீக்கடையில் சிரித்து முதுகில் தட்டுகிறோம். நாற்பத்தைந்து வயதில் தனியாக இருக்கும் ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, விழுந்து எழுந்து, மறுபடி ஏறினால், "இந்த வயசுல எதுக்கு இது?" என்கிறோம். தடுக்கி விழுந்தும் நாயகனாகும் உரிமை சாம்புவுக்கு இருக்கிறது. அவளுக்கு அதை நாம் இன்னும் கொடுக்கவில்லை. இங்கே வந்திருக்கும் மாணவிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் எழுத வருகிறவர்கள் இருப்பீர்கள். அந்த ஸ்கூட்டர் கதையை எழுதுங்கள். அழ வைக்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். சிரிக்க வையுங்கள். அவளைப் பார்த்துச் சிரிக்காமல், அவள் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி.

மாணவர்களுக்கு இன்னொன்று. இருபது வயதில் "ஆரம்பம்" என்றால் ஒரே தடவை வருவது என்று நினைக்கிறோம். கேம்பஸ் இன்டர்வியூ, வேலை, கல்யாணம், குவார்ட்டர்ஸ், முடிந்தது. இந்த ஊரில் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962ல் ஓட ஆரம்பித்தது. 2020ல் நிறுத்தப்பட்டது. கணக்குப் போட்டால் 58. தமிழ்நாட்டு அரசு ஊழியர் பல காலம் ஓய்வு பெற்ற அதே வயது! டர்பைன் நின்றுவிட்டது. ஆனால் அதில் வேலை பார்த்தவர்கள் வேறு யூனிட்டில், வேறு ஊரில், வேறு வேலையில் புதிதாக ஆரம்பித்தார்கள். அதற்கும் முன்னால், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு எழுந்து போன கிராமத்து ஜனங்கள், ஐம்பது அறுபது வயதில் வேறு மண்ணில் அடுப்பு மூட்டினார்கள். ஆகவே ஆரம்பம் ஒரே தடவை வருவதில்லை. அது எப்போது வரும், அப்போது கூட யார் இருப்பார்கள் என்பதுதான் நம் கையில் இல்லாதது. கூட ஒருவருக்கு நாம் இருக்கிறோமா என்பது நம் கையில் இருக்கிறது.

பேச்சை முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். என் சீனியர் ஒரு தடவை சொன்னார்: "வீட்டுக்கு வந்தா சாவியை நான்தான் எடுக்கணும் தம்பி, அது பழகிடுச்சு. கல்யாண வீட்டுப் பந்தியில 'நீங்க ஒருத்தர்தானா?'ன்னு கேக்கறாங்க பாரு, அதுதான் இன்னும் பழகலை." இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வடலூர் இருக்கிறது. 1867ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது. அந்தப் பந்தியில் உட்காருகிறவனை "ஒருத்தர்தானா?" என்று யாரும் கேட்பதில்லை. பசியோடு வந்தான், இலை போட்டார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தச் சீனியர் இந்த விழாவுக்கு வரவில்லை. வருவதாகத்தான் இருந்தார். பதிவுப் படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்துகொண்டு வந்தவர், 'துணைவியார் பெயர்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டார். "தம்பி, இதுல கோடு போடணுமா, காலியா விடணுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படிவத்தை மடித்து டைரிக்குள் வைத்துக்கொண்டார். யாரையும் குறை சொல்லவில்லை. பல வருஷமாக அச்சில் இருக்கும் படிவம், யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. நம் கல்லூரியில் படித்த பெண்கள் இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் கணவர் பெயரை எழுதி வருகிறார்கள். அவர்கள் பொறுமைக்கு முதலில் ஒரு கும்பிடு.

அந்தக் கட்டத்தை 'உடன் வருபவர் பெயர்' என்று மாற்றி அச்சடியுங்கள். செலவு ஒன்றும் கூடாது. மனைவியை எழுதுகிறவர் மனைவியை எழுதட்டும், கணவரை எழுதுகிறவர் கணவரை எழுதட்டும். தங்கையை, தோழியை, பக்கத்து வீட்டுக்காரரை எழுதுகிறவர்கள் அவர்களை எழுதட்டும். அடுத்த ஒன்றுகூடலில் என் படிவத்தில் அந்த இடத்தில் என் சீனியர் பெயர் இருக்கும். அவர் படிவத்தில் என் பெயர் இருக்கும். உணவுக் கணக்கு எடுக்கும் நண்பர்கள் மட்டும் எங்களை இரண்டு தடவை எண்ணிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.